ஒட்டுப்போட்ட ஃபைபர் படகு... வாங்கலாமா, விடலாமா?

பழைய படகு வாங்குவதில் தப்பில்லை. அதன் அடியில் போட்டிருக்கும் ஒட்டைப் பார்க்கத் தெரியாமல் வாங்குவதில்தான் பணமும் போகிறது. சில சமயம் உயிரும் போகிறது. கரையில் வைத்தே நல்லது கெட்டதைக் கண்டுபிடிக்கும் வழிகள் இதோ...

கடலோர மாவட்டங்களில் நிலத்தையும் கடலையும் சேர்த்து நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். மழை பொய்த்தால் கடல், கடல் ஓய்ந்தால் நிலம் என்று வண்டி ஓடும். அப்படிப்பட்ட குடும்பங்கள் முதன்முதலில் வாங்கும் படகு, பெரும்பாலும் ஒருவர் கை மாறிய படகாகத்தான் இருக்கிறது. புதுப் படகு, புது எஞ்சின், வலை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் புரட்டுவது எளிதல்ல. அதனால் நகையை அடகு வைத்து, குழுக்கடன் எடுத்து, போதாததற்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் பழைய படகைப் பிடிக்கிறார்கள்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடிக்கிற மீனை அவரிடமே போட வேண்டும் என்பது கடற்கரை வழக்கம். படகு ஒழுகிக் கரையில் கிடக்கும் நாள்களிலும் வட்டி ஓடும், முன்பணமும் நிற்கும். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மடியைத் தொட்டுப் பார்க்கிறோம். அதைவிடப் பல மடங்கு பணம் போட்டு வாங்கும் படகை, பெயின்ட் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்தால் எப்படி?

ஒட்டே இல்லாத படகு உண்டா?

பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஃபைபர் படகில் ஒட்டே இல்லை என்று யாராவது சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பேச்சைத்தான். தினமும் மணலில் இழுத்து ஏற்றும்போது அடி தேய்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டுகிறது. தூண்டில் வளைவுக் கற்களில் மோதுகிறது. துறைமுகத்தில் பக்கத்துப் படகு இடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஒட்டு விழுந்திருக்கும்.

தமிழகக் கடற்கரையில் இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கான ஃபைபர் படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவசரத்தில் கட்டியதால் எல்லாப் படகுகளின் தரமும் ஒரே மாதிரி அமையவில்லை. பிறகு 2011 டிசம்பர் இறுதியில் கடலூர்ப் பக்கம் தானே புயல், 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியை உலுக்கிய ஒக்கி, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினம் - வேதாரண்யம் இடையே கரையைக் கடந்த கஜா. இந்தப் புயல்களில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கின, சேற்றில் புதைந்தன. அவற்றில் பல செப்பனிடப்பட்டு மீண்டும் கடலுக்குப் போயின. இப்படிப்பட்ட படகுகள் கை மாறி, மாவட்டம் விட்டு மாவட்டம் வருவதும் உண்டு.

ஆகவே, 'ஒட்டு இருக்கிறதா?' என்று கேட்பதைவிட, 'எங்கே, எதனால், எப்படிப் போட்டார்கள்?' என்று கேட்பதுதான் பயன் தரும். முறையாகப் போட்ட ஒட்டு, படகின் பழைய பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். முறை தவறிய ஒட்டு, ஓட்டையை மறைக்குமே தவிர அடைக்காது.

படகின் உடம்பு எப்படி ஆனது?

ஒட்டைப் புரிந்துகொள்ள, ஃபைபர் படகின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே தெரியும் வழவழப்பான பகுதிக்கு ஜெல்கோட் என்று பெயர். சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இதன் வேலை தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது. அதற்கு உள்ளே, கண்ணாடி இழையை நறுக்கிப் பாய்போலச் செய்த 'மேட்', இழையைத் துணிபோல நெய்த 'ரோவிங்' ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்து, ரெசின் ஊற்றி ஊறவைத்து, காற்றுக் குமிழி போக உருட்டி அடுக்கியிருப்பார்கள். பலம் கொடுப்பது இந்த இழைதான். ரெசின் அதைப் பிடித்துவைக்கும் பசை.

புதிதாக அடுக்கும்போது ஓர் அடுக்கு இறுகி முடிவதற்குள் அடுத்த அடுக்கு விழுவதால், எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாகிவிடும். பழைய படகில் ஒட்டுப்போடும்போது அப்படி நடக்காது. பழைய ரெசின் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். புது ரெசின் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர, அதனோடு கலந்துவிடாது. அந்தப் பிடிப்பு முழுக்க முழுக்க, பழைய பரப்பை எவ்வளவு நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து காயவைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பெயின்ட்மேல் போட்ட ஒட்டு, பெயின்ட்டோடு உரிந்து வரும். ஈரத்தின்மேல் போட்ட ஒட்டு, வெயிலில் நன்றாகத் தெரிந்து அலையில் விட்டுவிடும்.

நல்ல ஒட்டின் அடையாளம்

உடைந்த ஓட்டையின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அடைப்பது ஒட்டு அல்ல. உடைந்த இழைகளை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றிலும் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். சுவரின் கனத்தைப்போல 12 மடங்கு தூரத்துக்கு அந்தச் சரிவு போக வேண்டும் என்பது பொதுக்கணக்கு. படகின் சுவர் 6 மில்லிமீட்டர் கனம் என்றால், ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 72 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். அதாவது 20 சென்டிமீட்டர் அகல ஓட்டைக்கு, கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒட்டு விழ வேண்டும். ஒரு சாண் ஓட்டைக்கு ஒரு சாண் ஒட்டுத்தான் இருக்கிறது என்றால், அது நிற்காது.

அடுக்குகளுக்கும் கணக்கு உண்டு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று, ரெசினோடு சேர்ந்து ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். ஆக, 6 மில்லிமீட்டர் சுவருக்கு ஐந்தாறு அடுக்குகள் தேவை. இரண்டு அடுக்கு வைத்துவிட்டு மீதியைப் பட்டி பூசி நிரப்பினால், கை வைத்துப் பார்க்கும்போது சமமாகத்தான் தெரியும். ஆனால், பட்டியில் இழை இல்லாததால் பலமும் இருக்காது.

உள்ளே குறுக்குச் சட்டம் உடைந்திருந்தால் அதையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். மர வள்ளத்துக்கு வங்கு எப்படியோ, ஃபைபர் படகுக்குச் சட்டம் அப்படி. சுவரை மட்டும் ஒட்டிவிட்டுச் சட்டத்தை உடைந்தபடியே விட்டால், அலை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒட்டு வளைந்து நிமிரும். வளைந்து வளைந்து கம்பி முறிவதுபோல, ஒருநாள் அது விட்டுவிடும்.

கரையில் சோதனை: எட்டுப் படிகள்

படகு தண்ணீரில் மிதக்கும்போது பேரம் பேசக்கூடாது. கரையில் ஏற்றி, கட்டைகள் மீது தூக்கிவைத்து, ஓரிரு நாள் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விசைப்படகு வாங்குபவர்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. அப்போதுதான் பெரிய படகுகளைக் கரையேற்றி அடியைச் செப்பனிடுவார்கள். வேலை முடிந்து பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

1. பெயின்ட்டைப் பாருங்கள். படகு முழுக்க மங்கியிருக்க, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. முழுப் படகுக்கும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. சுவரோடு கண்ணை வைத்து, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நீளவாக்கில் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, சந்தேகமான இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டிப் பார்க்கலாம். பெயின்ட்டுக்குக் கீழே பட்டி கனமாக வந்தால், ஒட்டு போட்ட விதம் புரிந்துவிடும்.

2. விரிசலின் கதையைப் படியுங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போலக் கிளம்பும் விரிசல், அங்கே அடி விழுந்ததற்கு அடையாளம். உள்ளே இருக்கும் சட்டத்தின் ஓரமாகவே நீளக் கோடாக ஓடும் விரிசல், சுவர் அங்கே தினமும் வளைகிறது என்பதைக் காட்டும். முன்னதைவிடப் பின்னது மோசம். ஒட்டின் விளிம்பைச் சுற்றி வட்டமாக விரிசல் தெரிந்தால், ஒட்டு பிடிப்பை இழந்துகொண்டிருக்கிறது.

3. தட்டிப் பாருங்கள். ஐந்து ரூபாய் நாணயமோ, சின்னச் சுத்தியலோ போதும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று அணியத்தில் தொடங்கி அமரம் வரை போக வேண்டும். நல்ல இடம் 'டங்' என்று கணீரென ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் 'பொத்' என்று ஒலிக்கும். உள்ளே தெர்மோகோல் அடைத்த அறை இருந்தாலும் சத்தம் அமுங்கித்தான் கேட்கும். அதனால், வலப்பக்கம் ஓரிடத்தில் சத்தம் மாறினால் இடப்பக்கம் அதே இடத்தில் தட்டி ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் படகின் அமைப்பே அப்படி. ஒரு பக்கம் மட்டும் மாறினால் அங்கே கோளாறு. சத்தம் மாறிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போனால், பேரம் பேசும்போது கையில் கணக்கு இருக்கும்.

4. கொப்புளம் தேடுங்கள். அடிப்பகுதியில் மிளகு அளவிலிருந்து பத்துப் பைசா அளவுவரை கொப்புளங்கள் தெரிந்தால், தண்ணீர் ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே ஊறியிருக்கிறது. குத்திப் பார்த்தால் காடிபோலப் புளித்த வாடையோடு நீர் வரும். நாலைந்து கொப்புளம் என்றால் தேய்த்துக் காயவைத்துச் சரிசெய்யலாம். அடி முழுக்கக் கொப்புளம் என்றால், காயவைக்கவே பல வாரம் பிடிக்கும். மணலில் தேய்ந்து இழை வெளியே தெரியும் இடத்திலும் இதே ஆபத்து உண்டு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்த இழை தண்ணீரை உள்ளே இழுக்கும்.

5. உள்ளே இறங்கிப் பாருங்கள். வெளியே பெயின்ட் மறைப்பதை உட்புறம் காட்டிக்கொடுத்துவிடும். வலை, ஐஸ் பெட்டி, பலகை எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். ஒட்டு உள்ளேயும் தெரிகிறதா, சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழை வெள்ளையாக, உலர்ந்து நார்போலத் தெரிந்தால் ரெசின் போதவில்லை. குளம்போலத் தேங்கிக் கண்ணாடியாக மின்னினால் ரெசின் அதிகம், அது நொறுங்கும். பழைய ஒட்டை இன்றும் தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால், கலவை சரியாக இறுகவே இல்லை. அந்த ஒட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

6. மரம் மறைந்திருக்கும் இடத்தைச் சோதியுங்கள். எஞ்சின் உட்காரும் கட்டை, அமரத்தின் பின்பலகை போன்ற இடங்களில் மரத்தையோ பிளைவுட்டையோ வைத்து மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். ஆணித்துளை, போல்ட் துளை வழியாக ஈரம் இறங்கினால், வெளியே ஓடு நன்றாக இருக்கும்போதே உள்ளே மரம் கூழாகிவிடும். போல்ட் அருகே பழுப்பு நிறத்தில் நீர் வடிந்த தடம் இருந்தால் உஷார். உரிமையாளர் சம்மதித்தால், உட்பக்கமாக 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுப் பார்க்கலாம். வரும் தூள் வெளிர் நிறத்தில் உலர்ந்திருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால், அந்த இடத்தை முழுக்கப் பிரித்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். துளையை அன்றே ரெசினால் அடைத்துவிட வேண்டும்.

7. கோணல் பாருங்கள். வீட்டுக்கு வாணம் தோண்டும்போது மூலைக்கு மூலை கயிறு பிடிப்பதுபோல இது. அணியத்தின் நடுமுனையிலிருந்து அமரத்தின் இரண்டு ஓரங்களுக்கும் நாடா பிடித்து அளந்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். புயலில் முறுக்கிக்கொண்ட படகை அப்படியே ஒட்டியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். கோணல் படகு ஒரு பக்கமாக இழுக்கும். எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும்.

8. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கட்டைமீது இருக்கும் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஒட்டுகளைச் சுற்றிச் சாக்பீஸ் பொடி தூவிவிட்டால், கசிவு இருக்கும் இடம் நனைந்து நிறம் மாறும். ஓரிரவு விட்டுப் பார்ப்பது நல்லது.

கடலில் ஒரு நடை

கரைச் சோதனையில் தேறிய படகைத்தான் கடலில் இறக்கிப் பார்க்க வேண்டும். உரிமையாளரையும் கூட ஏற்றிக்கொண்டு, உயிர்காப்பு மேலங்கி அணிந்து, கரையோரமாக இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும். ஒட்டு இருக்கும் இடத்தில் உட்புறம் உள்ளங்கையை வைத்துக்கொள்ள வேண்டும். அலை அடிக்கும்போது அந்த இடம் மூச்சுவிடுவதுபோல உள்ளே வந்து வெளியே போனால், ஒட்டு பலமில்லை அல்லது சட்டம் விட்டிருக்கிறது.

எடையையும் கவனிக்க வேண்டும். தட்டுக்கு அடியில் அடைத்திருக்கும் தெர்மோகோல் அறைக்குள் தண்ணீர் புகுந்தால், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் படகு கனத்துக்கொண்டே போகும். அதே நீளமுள்ள மற்ற படகைத் தள்ள ஆறு பேர் போதும், இதற்கு மட்டும் எட்டுப் பேர் வேண்டியிருக்கிறது என்றால் காரணம் கேட்க வேண்டும். காலியாக மிதக்கும்போது அமரமோ ஒரு பக்கமோ தாழ்ந்து நின்றாலும் இதே சந்தேகம்தான். அந்த அறை, படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வைப்பதற்காகக் கட்டியது. அதில் தண்ணீர் நிறைந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஓட்டையைவிட இது பெரிய கோளாறு.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

* எந்த விபத்தில் உடைந்தது? தேய்மானத்துக்குப் போட்ட ஒட்டு வேறு. கல்லில் மோதி இரண்டாக விரிந்த படகு வேறு.
* எந்த மாதத்தில் வேலை செய்தார்கள்? வடகிழக்குப் பருவமழை நாள்களில், திறந்தவெளியில் போட்ட ஒட்டு என்றால் ஈரம் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.
* எத்தனை நாள் கரையில் காயவைத்தார்கள்? இன்று உடைந்து நாளை மறுநாள் கடலுக்குப் போன படகு என்றால், உப்புத் தண்ணீர் உள்ளேயே இருக்கும்.
* எந்தப் பட்டறை? அங்கேயே போய்க் கேட்டால், எத்தனை அடுக்கு வைத்தார்கள் என்பதுவரை தெரிந்துவிடும்.

இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம், இரண்டு ஒட்டுகள் அதிகமாக இருக்கும் படகையும் நம்பி வாங்கலாம்.

விலையை எப்படி முடிவு செய்வது?

சாக்பீஸ் வட்டங்களை எண்ணிக்கொண்டு, மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும்.

தயங்காமல் வாங்கலாம்: நீர்மட்டத்துக்கு மேலே உள்ள சிறு ஒட்டுகள், அடியில் தேய்மானத்துக்காக முறையாகப் போட்ட கூடுதல் அடுக்குகள், உள்ளும் புறமும் கணீரென ஒலிக்கும் பழைய ஒட்டு. ஐந்து வருடமாக அசையாமல் நிற்கும் ஒட்டு, சோதனையில் தேறிய ஒட்டு.

விலை குறைத்து வாங்கலாம்: பிடிப்பு விட்ட ஓரிரு ஒட்டுகள், சில கொப்புளங்கள், இழை தெரியும் அளவுக்குத் தேய்ந்த அடி. மேலே சொன்ன 35 சென்டிமீட்டர் ஒட்டுக்குத் தேவைப்படும் ரெசின் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். பொருள் செலவு பெரிதல்ல. தேர்ந்த ஆளின் கூலி, காயவைக்கும் நாள்கள், அந்த நாள்களில் கடலுக்குப் போகாத இழப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விலையில் கழிக்க வேண்டும். பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய்ச் செலவு மதிப்பீடு வாங்கிக்கொண்டு பேரத்தில் உட்கார்ந்தால் பேச்சு நேராக இருக்கும்.

விட்டுவிட வேண்டும்: தெர்மோகோல் அறையில் தண்ணீர், கூழாகிப்போன எஞ்சின் கட்டையோடு சேர்ந்து ஆடும் சட்டங்கள், முறுக்கிக்கொண்ட உடம்பு, அடி முழுக்கக் கொப்புளம். இவற்றைச் சரிசெய்யலாம்தான். ஆனால், தட்டைப் பிரித்து உள்ளே இறங்கும் வேலை தொடங்கிவிட்டால் செலவு எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று கடன் வாங்கி இதில் இறங்கினால், படகும் கடனும் இரண்டும் மூழ்கும்.

எஞ்சினுக்குத் தனி விலை, வலைக்குத் தனி விலை, படகு உடம்புக்குத் தனி விலை என்று பிரித்துப் பேசுவது முக்கியம். 'எஞ்சின் புதுசு' என்ற பேச்சில்தான் உடம்பின் குறை பல இடங்களில் மறைந்துபோகிறது.

காகிதத்தில் ஒட்டு இருக்கக்கூடாது

படகு தேறினாலும் ஆவணம் தேற வேண்டும். பதிவுச் சான்றிதழ் விற்பவர் பெயரில் இருக்கிறதா, அதில் உள்ள எண்ணும் படகில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா, நீள அகலம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்துபோன படகின் எண்ணை வேறு படகில் எழுதி விற்றால், சிக்கல் வாங்கியவர் தலையில்தான் விடியும். வங்கியிலோ சங்கத்திலோ கடன் நிலுவை இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வாங்க வேண்டும். மானியத்தில் வந்த படகு என்றால், அதை விற்க நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்தையும் அங்கேயே முடித்துவிட வேண்டும். மானிய எரிபொருள், நிவாரணம் என்று எதைக் கேட்டாலும் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, பின்னால் வரும் பேச்சுகளைத் தவிர்க்கும்.

விற்பனை ஒப்பந்தத்தில் 'இன்னின்ன இடங்களில் செப்பனிடப்பட்டது' என்று எழுதி வாங்குவது நல்ல பழக்கம். காப்பீடு எடுக்கும்போதும், நாளைக்கு இதே படகை விற்கும்போதும் அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

வாசகர்கள் கேட்பவை

'மர வள்ளத்தின்மேல் ஃபைபர் போர்த்தியிருக்கிறார்கள். வாங்கலாமா?'

நல்ல மரத்தின்மேல், நன்றாகக் காயவைத்துப் போர்த்தியிருந்தால் சில வருடங்கள் ஓடும். ஆனால், ஒழுகும் கிழட்டு வள்ளத்தைக் கலப்பத்து அடித்துச் சரிசெய்யாமல், மேலே ஃபைபர் போர்த்தி விற்பதும் உண்டு. ஈரம் உள்ளே அடைபட்டு மரம் வேகமாக உளுத்துப்போகும். ஃபைபர் ஓடு தனியே, மரம் தனியே பிரிந்து நிற்கும். உட்புறமாகப் பலகை, வங்கு, ஏரா மூன்றையும் கூர்மையான கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி எளிதாக இறங்கினால் அந்த வள்ளம் வேண்டாம். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தாலும், துளைப்புழு தின்ற சிறு ஓட்டைகள் தெரிந்தாலும் அதே முடிவுதான்.

'அணையில் மீன் பிடிக்கப் பழைய ஃபைபர் பரிசல் வாங்குகிறோம். இவ்வளவு சோதனையும் தேவையா?'

பரிசலில் மறைவான அறையோ, எஞ்சின் கட்டையோ பெரும்பாலும் இருக்காது. தட்டிப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது, உட்புற ஒட்டைப் பார்ப்பது ஆகிய மூன்றும் போதும். பாறையில் உரசுவதால் அடி நடுவிலும் விளிம்பு வளையும் இடத்திலும்தான் விரிசல் வரும். நல்ல தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஜெல்கோட் தேய்ந்த இடத்தில் நல்ல தண்ணீரும் உள்ளே ஊறும், கொப்புளம் வரும்.

'ரெசின் வாங்கி நாங்களே ஒட்டுப் போட்டுக்கொள்ளலாமா?'

நீர்மட்டத்துக்கு மேலே சின்ன வேலை என்றால் கற்றுக்கொண்டு செய்யலாம். அடிப்பகுதி, எஞ்சின் கட்டை, சட்டம் ஆகியவற்றைத் தேர்ந்தவரிடம் விடுவதே நல்லது. ஒரு விஷயத்தை மட்டும் மறக்கவே கூடாது. ரெசினில் கலக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடு ஒன்று நேரடியாகக் கலக்கக்கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகே, கேட்டலிஸ்ட்டைத் தனியாக அளந்து ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகும் அபாயம் உண்டு. கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கிரைண்டரால் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசமும் அவசியம். குழந்தைகள் நடமாடும் திண்ணையில் இந்த வேலை வேண்டாம்.

'வாங்கிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?'

முதல் மாதம், கரைக்கு வந்ததும் படகுக்குள் எத்தனை வாளி தண்ணீர் இறைத்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். அலைத் தண்ணீர் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. உடனே கரையேற்ற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை படகைக் காயவைத்து, அதே நாணயத்தால் ஒட்டுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கி எப்போதும் படகில் இருக்கட்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸாரை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இரண்டு எண்களையும் கடலுக்குப் போகிறவர் செல்போனில் மட்டுமின்றி, வீட்டில் இருப்பவர்களும் சுவரில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.